சுவரோரம் வைத்த விறகு

மகனே,

போன ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையால் என் அடுப்பை இடித்துவிட்டுப் போனாய். உனக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்கப்புறம் நான் நாலு தடவை போன் செய்தேன். நாலு தடவையும், "அம்மா, நீ ஒண்ணும் சொல்லாத, எல்லாம் உன் நல்லதுக்குத்தான்" என்று சொல்லி வைத்துவிட்டாய். வாயால் சொன்னால் நீ முடிக்க விடமாட்டாய் என்று தெரிந்துபோயிற்று. அதனால்தான் எழுதுகிறேன். பேப்பரை நடுவில் கட் பண்ண முடியாது. எனக்குக் கோபம் நிறைய இருக்கிறது. உன் மேல் கொஞ்சம், உன் நைனா மேல் கொஞ்சம், என் மேல் மிச்சமெல்லாம். அது ஏன் என்று இதைப் படித்து முடிக்கும்போது உனக்குப் புரியும். கடைசிவரைக்கும் படி.

அன்றைக்கு நீ வந்தது கல்யாணப் பத்திரிகை கொடுக்க. சர்ச்சில் உன் கல்யாண அறிவிப்பு ஓலையை இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது, இன்னும் மூன்று வாரத்தில் கல்யாணம். நீ வருகிறாய் என்று தெரிந்து உன் நைனா உள்ளேயிருந்து பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வந்து துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். நீ அவரைப் பார்க்கவேயில்லை. பத்திரிகையை என் கையில் கொடுத்தாய். நேராகக் கொல்லைக்குப் போனாய். திங்கட்கிழமை காலை கம்பெனிக்காரர்களுக்கு இட்லி ஊற்ற நான் உளுந்து ஊறவைத்திருந்தேன். நீ சுவரில் சாய்த்து வைத்திருந்த கடப்பாரையை எடுத்தாய். "இனிமே இந்த வேலயே வேணாம்மா. கல்யாணம் முடிஞ்சதும் வேப்பம்பட்டு வந்துடு, ஃபிளாட்ல கேஸ் கீது, கீசர் கீது" என்று சொல்லிக்கொண்டே இடித்தாய். பிறகு அவர் பக்கம் திரும்பினாய். "உனக்குப் பொகை நாத்தத்துல சோறு துன்னணும்னு அம்மா கைய பாம்புக்குக் குடுத்தே. இன்னும் இன்னா நைனா வேணும் உனக்கு?" என்று கேட்டாய். ஒரு வருஷம் கழித்து நீ அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவர் அந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான், "டேய், வேணாண்டா" என்று மட்டும் சொன்னேன். சொல்லவேண்டியது அது இல்லை. சொல்லவேண்டியதை நான் அன்றைக்கும் சொல்லவில்லை.

விறகு என்றால் உனக்குப் பாம்பு மட்டும்தான் ஞாபகம் வருகிறது. உன் நைனா அந்த விறகை எப்படி வைத்திருந்தார் என்று நீ ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. நீ காலேஜுக்கு ரயில் ஏறப் போய்க்கொண்டிருந்தாய், அப்புறம் வேலைக்கு ரயில் ஏறப் போய்க்கொண்டிருந்தாய். அவர் ரோலிங் மில்லில் உலைப் பக்கம் நின்று முப்பது வருஷமாக வேலை பார்க்கிறவர். காது பாதி போய்விட்டது. நெருப்பு எதைத் தின்னும், எதைத் தின்னாமல் புகையும் என்று அவருக்குத் தெரியும். சிப்காட் கம்பெனி ஒன்றில் என் கான்ட்ராக்ட் முடிந்து என்னை அனுப்பிவிட்டபோது, ரோட்டோரம் நாஷ்டா போடுகிறேன் என்று நான் சொன்னேன். அவர் கேஸிலேயே செய் என்றுதான் சொன்னார். ஐம்பது பேருக்கு அண்டாவில் இட்லி வேக, சாம்பார் கொதிக்க, ஒரு சிலிண்டர் எத்தனை நாளைக்கு வரும்? நான்தான் விறகடுப்பு வேண்டும் என்று அடம் பிடித்தேன். அவருக்காக நான் விறகில் சமைக்கவில்லை. அவர் மில் கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு வருகிற ஆள். இதை நீ முதலில் மனசில் வாங்கிக்கொள்.

பொங்கல் முடிந்ததும் சவுக்குத் தோப்பு வெட்டுகிற இடத்துக்குப் போய் அவர் கட்டை பார்த்து எடுப்பார். கூடவே ஏரிக்கரை வேலிகாத்தான் முள்மரம். சவுக்கு சீக்கிரம் பிடித்துக்கொண்டு திகுதிகுவென்று எரியும், அண்டாத் தண்ணீர் கொதிக்க அது. வேலிகாத்தான் மெல்லப் பிடிக்கும், ஆனால் தணல் நின்று சாம்பார் அடங்கும். பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிடுவார். காய்ந்தால் வேலிகாத்தான் கோடாலியைத் திருப்பி அடிக்கும். என் மணிக்கட்டு கனத்துக்குமேல் ஒரு துண்டு இருக்காது. வீட்டிலிருந்து பதினைந்து அடி தள்ளி, வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம், ஹாலோ பிளாக் கல்லை இரண்டு வரிசை போட்டு அதன்மேல்தான் அடுக்குவார். ஒரு வரிசை நெடுக்கே, அடுத்தது குறுக்கே. நடுவில் காற்று ஓட வேண்டும். மேலே மட்டும் தகரம். பக்கத்தை மூடமாட்டார். ஒரு தடவை மழைக்குப் பயந்து நான் தார்ப்பாயைப் போட்டு நாலு பக்கமும் இழுத்துக் கட்டிவிட்டேன். ஒரு வாரத்தில் உள்ளே வேர்த்து, கட்டை முழுக்க வெள்ளைப் பூஞ்சை. "மூடுனா காயாதும்மே, புழுங்கும். மேல நனையாம இருந்தா போதும்" என்றார். கத்திரி வெயில் போனபிறகு ஒரு கட்டையை எடுத்து இன்னொன்றின்மேல் தட்டிப் பார்ப்பார். டங்கென்று சத்தம் வர வேண்டும். பொத்தென்று கேட்டால் இன்னும் ஈரம். அவருடைய செவிட்டுக் காதுக்கும் அது கேட்கும். வெட்டு முனையில் வெடிப்பு விட்டிருக்க வேண்டும், பட்டை கையோடு உரிந்து வர வேண்டும். அப்படிப்பட்ட கட்டையை அடுப்பில் வைத்தால் புகையே தெரியாது. நீ புகை புகை என்கிறாயே, அது அடுப்பின் குற்றம் இல்லை. அவசரப்படுகிறவர்களின் குற்றம்.

அவசரப்பட்டவள் நான். உனக்கு ஞாபகம் இருக்கும், டிப்ளமோ லீவில் நீ ஒரு கம்பெனியில் பேக்கிங் பக்கம் வேலைக்குப் போனாய். அங்கே தூக்கிப் போட்ட பெட்டிப் பலகைகளை வண்டியில் கட்டிக்கொண்டு வந்தாய். "அம்மா, இனிமே நீ கஷ்டப்படவாணாம், சும்மாவே குடுக்கிறாங்க" என்றாய். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. உன் நைனா ஒரு பலகையை மோந்து பார்த்தார். "இது கப்பல்ல வந்த பொட்டி. பூச்சி அரிக்காம இருக்க மருந்து அடிச்சிருப்பான். பெயிண்டு வேற. இத்த எரிக்காதம்மே" என்று சொல்லி ஓரமாக வைத்தார். அவர் ஷிஃப்ட்டுக்குப் போனதும் நான் எடுத்து எரித்தேன். பிள்ளை கொண்டுவந்ததை எரிக்காமல் விடுவதா என்று வீம்பு. அன்றைக்குச் சாப்பிட வந்தவர்களுக்கெல்லாம் கண் எரிந்தது. ஒரு பீகார்ப் பையன் இருமி இருமி இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். "மிளகா வறுத்தேன்பா" என்று எல்லாரிடமும் பொய் சொன்னேன். சாயங்காலம் பலகையைக் காணோமே என்று உன் நைனா கேட்டதற்கு, பழைய பேப்பர்காரன் கேட்டான், கொடுத்துவிட்டேன் என்றேன். செய்வதைச் செய்துவிட்டு வாயை மூடிக்கொள்வது எனக்குப் புதிதில்லை என்று நீ தெரிந்துகொள்ளத்தான் இதைச் சொல்கிறேன்.

இப்போது போன வருஷத்து விஷயத்துக்கு வருகிறேன். ஆயுத பூஜைக்கு இரண்டு கம்பெனியில் இட்லி, வடை, கேசரி ஆர்டர் கொடுத்தார்கள். அந்த வாரம் பார்த்து விடாத மழை. வேப்பமரம்வரை போய்ப் போய் கட்டை எடுத்து வர எனக்கு அலுத்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் நனைந்து, சேறு ஒட்டி, கால் கழுவி. ஒரு மதியம் நாலைந்து சுமை கட்டையை நானே தூக்கி வந்து பாத்ரூம் சுவரை ஒட்டிப் போட்டேன். கீழே கல் வைக்கவில்லை. வெறும் தரை. மேலே தார்ப்பாய், காற்றில் பறக்காமல் இருக்க நாலு முனையிலும் செங்கல். அடுப்பிலிருந்து எட்டினால் கைக்கு வந்துவிடும். எனக்கு என்ன வசதி! வேலை முடிந்து வந்த உன் நைனா பார்த்தார். "செவுத்த ஒட்டி வெக்காதம்மே. தரையில வேற கெடக்குது. எலி பூந்துக்கும். எலி இருந்தா பின்னாலயே பாம்பு வரும்" என்றார். நான் மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். "உனுக்கு இன்னா, மில்லுக்குப் போயிடுவே. நனையறது நானு. போய்யா, போய்த் தூங்கு" என்றேன்.

அவர் தூங்கி எழுந்து, மழை விட்டிருந்த நேரம் பார்த்து, அத்தனையையும் திரும்பத் தூக்கிக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் அடுக்கினார். இரண்டாம் நாள் நான் மறுபடியும் கொண்டுவந்து சுவரோரம் போட்டேன். மறுபடியும் அவர் எடுத்தார். மறுபடியும் நான் போட்டேன். மூன்றாவது தடவை அவர் எடுக்கவில்லை. நாலு ஹாலோ பிளாக்கைத் தூக்கி வந்து பக்கத்தில் வைத்துவிட்டு, "இங்கதான் வேணும்னா இதும்மேல அடுக்கு. எடுக்கிறப்போ ஒரு கோலால தட்டிட்டு எடு. இருட்டுல கைய உட்டுத் தடவாத" என்றார். அந்தக் கல்லில் ஒன்றை நான் வெங்காயம் உரிக்க உட்காரப் போட்டுக்கொண்டேன். பூஜையும் முடிந்தது, மழையும் நின்றது, விறகு மட்டும் அங்கேயே இருந்தது. தீரத் தீர மரத்தடியிலிருந்து கொண்டுவந்து அங்கேயே போட்டேன். இரண்டு மூன்று நாள் தார்ப்பாய்க்குள் சரசரவென்று எலி ஓடியது எனக்குக் கேட்டது. கேட்டும் விட்டுவிட்டேன்.

அன்றைக்கு மதியம் மூன்று மணி. நல்ல வெயில். கோலை எடுக்கவில்லை, தார்ப்பாயைக்கூடத் தூக்கவில்லை. பேசிக்கொண்டே, ஆமாம், உன்னோடுதான் போனில் பேசிக்கொண்டே, இடது கையை உள்ளே விட்டுத் துழாவினேன். குக்கர் விசில் மாதிரி ஒரு சீறல் கேட்டது. அடுப்பில் குக்கர் இல்லையே என்று நினைத்த அதே நேரத்தில் கையில் கடி பட்டது. கண்ணாடி விரியன். போன் கீழே விழுந்தது. நீ "அம்மா, அம்மா" என்று கத்திக்கொண்டிருந்தாய். உன் நைனா கட்டிலிலிருந்து ஓடிவந்தார். கத்தவில்லை, கயிறு கட்டவில்லை, வாய் வைத்து உறிஞ்சவில்லை. "கைய ஆட்டாத. நடக்காத. ஒண்ணும் ஆவாது" என்று சொல்லி என்னைத் தூக்கி வண்டியில் உட்காரவைத்தார். பக்கத்து வீட்டு மேரி பின்னால் உட்கார்ந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது கை முழங்கைவரை வீங்கி, வளையலை வெட்டி எடுக்கவேண்டியிருந்தது. விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். சீக்கிரம் கொண்டுவந்ததால் உயிர் மிஞ்சியது என்று டாக்டரம்மா சொன்னார். இரண்டு விரல் மட்டும் அன்றையிலிருந்து மடங்குவதில்லை.

நீ வந்தபோது நான் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். தூங்கவில்லை. நீ என் கையைப் பார்த்துவிட்டு வெளியே போய் அழுததும் எனக்குத் தெரியும். திரும்பி வந்து கேட்டாய், "கட்டைய பாத்ரூம் செவுத்தாண்ட யாரு வெச்சது?" உன் நைனா, "நான்தான்" என்றார். "மழையா இருந்துச்சு. அம்மா நனையுதேன்னு நான்தான் வெச்சேன்" என்றார். நீ, "உனக்கு அறிவு கீதா நைனா?" என்று வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாய். அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் கண்ணைத் திறக்கவில்லை.

விறகை அங்கே வைத்தது நான், மகனே. அவர் மூன்று தடவை சொன்னார், இரண்டு தடவை எடுத்துப் போட்டார், கல் கொண்டுவந்து வைத்தார். வைத்தது நான். கையை விட்டதும் நான்.

அன்றைக்கு வாய் திறக்காததற்கு வலியைக் காரணம் சொல்லலாம். அடுத்த நாள்? ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன், தினமும் வந்தாய். எனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாய், தலை வாரிவிட்டாய். வேலைக்குப் போன பிறகு நீ என் பக்கத்தில் அத்தனை நேரம் உட்கார்ந்ததே இல்லை. எல்லாவற்றுக்கும் அவரைத் திட்டினாய், என்னைப் பாவம் என்றாய். எனக்கு அது பிடித்திருந்தது. இதை எழுதும்போது எனக்கே அசிங்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். அப்புறம் ஒரு பயமும் இருந்தது. என் கவனக்குறைவால் என்று தெரிந்தால் கடையை மூடு என்பாய். அவர் தப்பு என்றால் அவரைத் திட்டுவதோடு விட்டுவிடுவாய் என்று கணக்குப் போட்டேன். ஒரு வாரத்தில் உன் கோபம் ஆறிவிடும், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒரு வாரம் ஒரு மாதம் ஆயிற்று. கிறிஸ்துமஸுக்கு நீ எனக்குப் புடவை எடுத்து வந்தாய், அவருக்கு ஒன்றும் இல்லை. அவர் அந்தப் பையைத் திறந்து பார்த்துவிட்டு மடித்து வைத்தார். அன்றைக்கு ராத்திரியே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பெண் பார்க்கப் போனபோது அவரை விட்டுவிட்டு நீயும் நானும் போனோம். "நைனாவுக்கு ஷிஃப்ட்" என்று நீ பெண் வீட்டாரிடம் சொன்னாய். அவர் அன்றைக்கு லீவு போட்டுவிட்டு, சட்டை இஸ்திரி பண்ணி வைத்துக்கொண்டு, வீட்டில் உட்கார்ந்திருந்தார். அதையும் நான் உன்னிடம் சொல்லவில்லை.

நீ அடுப்பை இடித்துவிட்டுப் போன அன்று அவர்மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. "நீ ஏன்யா அன்னிக்கு நான்தான்னு சொன்னே? உன்ன யாரு சொல்லச் சொன்னது? இப்ப பாரு, கல்யாண நேரத்துல எங்க வந்து நிக்குது" என்று கத்தினேன். அவர் உடைந்த செங்கல்லைப் பொறுக்கி ஓரமாக வைத்துக்கொண்டிருந்தார். "நீ படுத்துக்கினு இருந்தே. கை அந்த மாரி வீங்கிக் கெடந்துச்சு. அந்த நேரத்துல அவன் உன்னத் திட்டுனா நல்லாவா இருக்கும்? என்ன திட்டட்டும்னு உட்டேன். அவ்ளோதான்" என்றார். "அப்புறமாச்சும் சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றேன். "அது நீ சொல்லவேண்டியது" என்றார். ஒரு வருஷமாக அந்த மனுஷன் எனக்காகக் காத்திருந்திருக்கிறார். அது தெரிந்தபோது கோபப்பட எனக்கு ஆள் இல்லாமல் போய்விட்டது.

திங்கட்கிழமை கடை போடவில்லை. செவ்வாய்க்கிழமை நானும் அவரும் சேர்ந்து களிமண் குழைத்து, நல்லதாக இருந்த செங்கல்லைப் பொறுக்கி, அடுப்பைத் திரும்பக் கட்டினோம். மடங்காத விரலோடு மண் பூசுவது கஷ்டம்தான், பூசினேன். வெள்ளிக்கிழமையிலிருந்து இட்லி ஊற்றுகிறேன். பாத்ரூம் சுவரோரம் இப்போது ஒரு சுள்ளிகூடக் கிடையாது. ஒரு நாளைக்கு வேண்டியதை மட்டும் காலையில் வெளிச்சம் வந்தபிறகு எடுத்து வருகிறேன், கோலால் தட்டி, மேல் வரிசையிலிருந்து. இதை நான் என்றைக்கோ செய்திருக்க வேண்டும். நான் வேப்பம்பட்டுக்கு வருவேன், நாலு நாள் தங்குவேன், உன் கீசரில் குளிப்பேன். ஆனால் கடையை விடமாட்டேன். இந்த வேலை எனக்குப் பாரம் என்று நீயாக முடிவு பண்ணிக்கொண்டாய். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இனி அந்த அடுப்பின்மேல் கை வைக்காதே.

கல்யாணம் கட்டிக்கொள்ளப் போகிறாய். உனக்குச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்று தெரியவில்லை, ஆனாலும் பட்டவள் சொல்கிறேன். வரப்போகிற பெண் உன்னிடம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னால், அவள் நச்சரிக்கிறாள் என்று நினைக்காதே. நின்று கேள். நீ ஒரு தப்புச் செய்து, பழி அவள்மேல் போய் விழுந்தால், அன்றைக்கே எழுந்து நின்று சொல்லிவிடு. நாளைக்குச் சொல்லலாம் என்று வைக்காதே. ஒரு நாள் வைத்தால் அடுத்த நாள் அது இன்னும் கனக்கும். கோபம் வந்தால் கத்து, பரவாயில்லை. கத்துவதற்கு முன்னால் யார் செய்தது, என்ன நடந்தது என்று இரண்டு பேரிடமாவது கேள். நீ அன்றைக்கு என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேனா? தெரியாது. ஆனால் நீ கேட்கவில்லை என்பது எனக்கு ஒரு வருஷம் சாக்காக இருந்தது.

இதை எழுதி முடித்து உன் நைனாவிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, வாசற்படியில் உட்கார்ந்து, ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். புடவை விஷயத்தையும் பெண் பார்க்கப் போன விஷயத்தையும் அடித்துவிடச் சொன்னார். "அதெல்லாம் எதுக்கு, அவன் மனசு கஷ்டப்படும்" என்றார். அடிக்கமாட்டேன் என்றேன். அவர் பேப்பரைத் திருப்பிக் கொடுத்து, "கடைசியில ஒண்ணு எழுது. கல்யாணத்துக்கு எந்தக் கலர் சட்டை எடுக்கணும்னு அவனக் கேளு. அவன் பக்கத்துல நிக்கணும் இல்ல" என்றார்.

எழுதிவிட்டேன். பதிலை என்னிடம் சொல்லாதே. அவருக்குப் போன் பண்ணு. காது சரியாகக் கேட்காது, சத்தமாகப் பேசு.

உன் அம்மா